பச்சை உருளைக்கிழங்கு வாசனை

கிரைண்டரின் மூடியைத் திறந்ததும் லோஷினி முகத்தைச் சுளித்தாள். அரைத்த காப்பித் தூளிலிருந்து பச்சை உருளைக்கிழங்கின் வாசனை வந்தது. மண் ஒட்டிய கிழங்கைச் சீவும்போது விரலில் ஏறி, சோப்புப் போட்டாலும் லேசில் போகாதே, அந்த ஈர வாசனை.

அவள் ஒரு தடவை மூச்சை வெளியே விட்டுவிட்டு மறுபடி குனிந்து மோந்தாள். சந்தேகமே இல்லை. உருளைக்கிழங்குதான்.

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் கார்ப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவின் கடைசியில் இருந்தது ஹேமநாதனின் கடை. முன்பக்கம் நான்கைந்து மேசை போட்ட சின்னக் காப்பிக்கடை. பின்பக்கம் வறுக்கிற இயந்திரமும், பச்சைக் கொட்டை அடுக்கிய சாக்குகளும், ருசி பார்க்கிற நீள மேசையும். லோஷினி முன்பு பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். இங்கே அவளுக்கு வேலையே மோந்து பார்ப்பதும் ருசி பார்ப்பதும்தான். வறுத்து வருகிற ஒவ்வொரு காப்பியிலும் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். பொட்டலத்தின் பின்னால் அச்சடிக்கிற சுவைக் குறிப்பையும் அவள்தான் எழுதுவாள்.

இந்தக் காப்பி ருவாண்டாவிலிருந்து வந்தது. எத்தியோப்பியாவும் கென்யாவும் கடைக்குப் பழக்கம். ருவாண்டா இதுதான் முதல் தடவை. வறுத்த அன்றைக்கே எல்லாரும் அதற்கு மயங்கிப் போயிருந்தார்கள். சூட்டோடு முதல் மடக்கில் சாத்துக்குடித் தோலைக் கிள்ளினதும் மூக்கில் தெறிக்கிற வாசனை. கொஞ்சம் ஆறியதும், சீனக் கடையில் உப்புப் போட்டுக் காயவைத்து விற்கிற பிளம் பழம், அந்த அசாம்பொய்யின் புளிப்பு. நன்றாக ஆறின பிறகு தென்னை வெல்லமான கூலா மெலாக்காவின் கரும் இனிப்பும், பால் விடாத தேத்தண்ணியின் துவர்ப்பும் நாக்கில் நின்றன. "இத குடிச்சிட்டு வேற எதையும் குடிக்க மனசு வராது லா," என்று சொல்லியிருந்தாள் ஷாஸியா. ஷாஸியா கடையில் வறுக்கிறவள். லோஷினியை விடச் சின்னவள், ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தாய்.

அந்தப் பக்கத்துக் காப்பியில் இப்படி ஒரு குறை வரும் என்பது லோஷினிக்குத் தெரியும். காயைப் பூச்சி குத்தினால் வருவது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பச்சைக் கொட்டையைப் பார்த்தால் தெரியாது. வறுத்தாலும் தெரியாது. அரைத்தால்தான் தெரியும். அதுவும் எல்லாக் கொட்டையிலும் இருக்காது. எங்கோ ஒன்று அகப்படும். அந்த ஒன்று போதும், அந்தக் கோப்பை பாழ். அடுத்த கோப்பை தேனாக இருக்கும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. வாயில் வைக்கத்தான் முடியாது.

முன்பக்கம் காப்பிக்காகக் காத்திருந்த ஆள் தொண்டையைக் கனைத்தார். லோஷினி அந்தத் தூளை ஈரச் சக்கைக் கூடையில் கொட்டிவிட்டு வேறு கொட்டையை அரைத்தாள். கொட்டின பிறகுதான் ஷாஸியாவைக் கூப்பிட்டிருக்கலாமே என்று தோன்றியது. கூப்பிட்டாள். ஷாஸியா வந்து கூடையை மோந்தாள், புதுத் தூளை மோந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலையே அக்கா. நல்லா இருக்கு."

"இது நல்லாத்தான் இருக்கு. அதுலதான் இருந்துச்சு."

"கூடையில நேத்துச் சக்கை எல்லாம் கெடக்கு. அதுல எத மோக்குறது?"

அதோடு விட்டிருக்கலாம். லோஷினியால் விட முடியவில்லை. ஹேமநாதன் வெளியிலிருந்து வந்ததும் சொன்னாள். அவர் முகம் மாறியது. குளுவாங்கிலும் சிம்பாங் ரெங்கத்திலும் காப்பிக்கடை வைத்திருக்கிற அக்பர் இந்த ருவாண்டாவை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, சனிக்கிழமை ருசி பார்க்க வருகிறார். இந்த நேரத்தில் இது என்ன தலைவலி? இருந்தாலும் மனிதர் மழுப்பவில்லை. அப்போதே மேசையில் கிண்ணங்களைப் பரப்பச் சொன்னார். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனித்தனியாக அரைத்து, வெந்நீர் விட்டு, மேலே மிதக்கிற தூளைக் கரண்டியால் விலக்கி, மூவரும் வரிசையாகக் குனிந்து குனிந்து மோந்தார்கள்.

நடுக் கிண்ணத்தில் லோஷினிக்கு லேசாக வந்தது. காலையில் வந்த அளவுக்கு இல்லை. ஆனால் இருந்தது.

"இதுல," என்றாள்.

ஹேமநாதன் ஒரு தடவைக்கு மூன்று தடவை மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு உறிஞ்சினார். "இல்லம்மா. சத்தியமா எனக்கு வரல."

ஷாஸியாவும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ அதையே நினைச்சிக்கிட்டிருக்க. அதான் வருது," என்றார் ஹேமநாதன். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளைக் குத்தியது. இத்தனை வருஷத்தில் அவள் மூக்கை அவர் சந்தேகப்பட்டதில்லை.

கிண்ணங்களைக் கழுவும்போது ஷாஸியா அவள் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்காதீங்க. நாள் தள்ளிப் போயிருக்கா?"

லோஷினியின் கை நின்றது.

"எனக்கு ரெண்டாவது வயித்துல இருந்தப்ப, பக்கத்து வீட்டு ஐஸ்பெட்டியைத் திறந்தா எங்க வீட்டுல எனக்கு நாறும். என் வீட்டுக்காரர் நான் பைத்தியம்னே முடிவு பண்ணிட்டார். யாருக்கும் வராத வாசனை எனக்கு மட்டும் வரும். அதான் கேட்டேன்."

நாள் தள்ளித்தான் போயிருந்தது. லோஷினி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கணக்கில் எடுப்பதையே அவள் விட்டுவிட்டிருந்தாள். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டு காத்திருந்து, பிறகு சிரிக்காமல் காத்திருந்து, பிறகு ஜொகூர் பாருவில் டாக்டர், ஊசி, மாத்திரை என்று அலைந்து, கடைசியில் ஒரு நாள் இரண்டு பேரும் பேசாமலே அதை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பிறகு நாள் முன்னே பின்னே வந்தால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு அவள் கிண்ணத்தைத் தேய்த்தாள்.

ஆனால் அந்தக் கேள்வி உள்ளே இறங்கிவிட்டது.

அன்றைக்கு மாசாயில் இருக்கிற வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியெல்லாம் அவளுக்கு எல்லாவற்றிலும் வாசனை அடித்தது. முன்னால் போன லாரியின் புகையில் பாமாயில் வாசனை இருந்தது. சிக்னலில் நின்றபோது சாலையோர ஒட்டுக்கடையில் பொரித்த வாழைப்பழம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது. இதெல்லாம் எப்போதும் வருகிற வாசனைதானா, இப்போது கூடுதலாக வருகிறதா? அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

வீட்டில் எதிலும் கை ஓடவில்லை. சோறு வைத்துவிட்டு அடுப்பை மூட்ட மறந்தாள். துணியை மடித்து வைத்து, மறுபடி பிரித்து மடித்தாள். கடையிலிருந்து கொண்டு வந்த ருவாண்டாப் பொட்டலம் கைப்பையிலேயே இருந்தது. அதை எடுக்கவும் பயமாக இருந்தது, எடுக்காமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் எடுத்து, கைக் கிரைண்டரில் கொஞ்சம் அரைத்தாள். சுத்தமாக இருந்தது. கொட்டிவிட்டு மறுபடி அரைத்தாள். சுத்தம். மூன்றாவது தடவை அரைத்தபோது கிழங்கு வாசனை முகத்தில் அறைந்தது.

அப்போதுதான் சுகுமாறன் வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினான். அவன் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அவள் அந்தக் கிண்ணத்தை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இத மோந்து பாருங்க. உருளைக்கிழங்கு வாசனை அடிக்குதா?"

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குனிந்து மோந்தான்.

"இல்லையே. காப்பி வாசனைதான்."

"நல்லா மோந்து பாருங்க."

"நல்லாத்தான் மோந்தேன். ஏன், உனக்கு அடிக்குதா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள், சுவரில் சாய்ந்து நின்றாள். ஹேமநாதனுக்கு வரவில்லை. ஷாஸியாவுக்கு வரவில்லை. இவருக்கும் வரவில்லை. எனக்கு மட்டும் வருகிறது. அப்படியென்றால் காப்பியில் ஒன்றும் இல்லை. எனக்குள்தான் இருக்கிறது.

வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. ஆனால் மனது அதற்குள் எங்கெங்கோ ஓடிவிட்டது.

அடுத்த நாட்கள் அவளுக்கு முள்ளின் மேல் நிற்பது போலத்தான் போயின. கடையில் ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். சாக்கை அவிழ்ப்பாள், கட்டுவாள். முன்பக்கம் போவாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். தம்போயிலேயே மருந்துக்கடை இருக்கிறது. ஒரு சோதனைக் குச்சியை வாங்கிப் பார்த்தால் முடிந்துவிடும். இரண்டு தடவை அந்தக் கடை வாசல் வரைக்கும் போய், இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள். பார்த்துவிட்டால் ஒன்று தெரிந்துவிடும். தெரியாத வரைக்கும் அது இருந்துகொண்டிருக்கும். அவளுக்கு அது இருக்க வேண்டும் போலிருந்தது.

சுவைக் குறிப்பு ஒரு வரி நகரவில்லை. வழக்கமாக அது அவளுக்குப் பிடித்த வேலை. முதலில் தமிழில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து, அப்புறம் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுப்பாள். பெர்ரி, ஏப்ரிகாட் என்று இங்கே யாரும் தினசரி தின்னாத பழங்களின் பெயரைப் போடுவது அவளுக்குப் பிடிக்காது. எலுமிச்சை என்றால் லிமாவ், கொய்யா என்றால் ஜம்பு, அவ்வளவுதான். இந்தத் தடவை 'சாத்துக்குடித் தோல்' என்று ஆரம்பிப்பாள், உடனே கிரைண்டர் பக்கம் போய் ஒரு பிடி அரைத்து மோப்பாள். சுத்தமாக இருந்தால் ஏமாற்றமாக இருக்கும். கிழங்கு வாசனை வந்தால் மனது குதிக்கும். ஒரு நல்ல காப்பியில் குறை வர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அந்த வாசனை வருகிற நேரத்தில் அவள் வேறு யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. உடனே கொட்டிவிடுவாள்.

சனிக்கிழமை காலையில் அக்பர் வந்தார். நாற்பது வயதைத் தொடுகிறவர், பேச்சும் நடையும் வேகம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து குளுவாங்கில் நாசி கண்டார் சோற்றுக்கடை. இவர் அதை விட்டு இறங்கிப் புதுமாதிரிக் காப்பிக்கடைகள் திறந்திருக்கிறார்.

"எங்க வாப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரல," என்றார் உட்காரும்போதே. "பாலில்லாத கோப்பி ஓ ரெண்டு வெள்ளிக் காசுக்குக் கிடைக்கிறப்ப எவன் உன் கடையில வந்து புளிச்ச தண்ணிய குடிப்பான்னு கேக்குறார்."

ஹேமநாதன் சிரித்தார். "இதைக் குடிக்கச் சொல்லுங்க, அப்புறம் பேசுவார்."

லோஷினி கிண்ணங்களை வரிசையாக வைத்து அரைக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனியாக எடை போட்டு, தனியாக அரைத்து, மோந்து, வைக்க வேண்டும். முதல் கிண்ணம் சுத்தம். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படித்தான், சாத்துக்குடி வாசனை கமகமவென்று எழுந்தது. நான்காவதைத் திறந்தாள்.

இதுவரை வந்ததிலேயே இதுதான் பலமாக இருந்தது. பச்சைக் கிழங்கை மூக்கிலேயே வைத்துத் தேய்த்த மாதிரி.

ஷாஸியா தள்ளி நின்று வெந்நீர்க் கெண்டியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். ஹேமநாதனும் அக்பரும் ஏதோ வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் இவளைப் பார்க்கவில்லை. தூளைக் கொட்டிவிட்டு வேறு அரைத்தால் முடிந்தது. எல்லாரும் செய்வதுதான். அக்பர் குடிப்பார், தலையாட்டுவார், காப்பி முழுக்க விற்றுப் போகும்.

அவள் கை கூடைப் பக்கம் போனது. போன கை அப்படியே நின்றது. இத்தனை நாளாக இப்படித்தானே கொட்டிக்கொண்டிருக்கிறேன்? இவர் யாரோ புது ஆள். என்னை இவருக்குத் தெரியாது, என் மூக்கையும் தெரியாது. இவருக்கு வரவில்லை என்றால் வரவில்லைதான். வேறு சாட்சியே வேண்டாம்.

அந்தக் கணத்தில் கடையைப் பற்றியோ ஹேமநாதனைப் பற்றியோ அவள் நினைக்கவில்லை. கிண்ணத்தை மற்றவற்றோடு வரிசையில் வைத்தாள். ஐந்தாவதையும் அரைத்து வைத்துவிட்டு, ஷாஸியாவிடம் வெந்நீரை விடச் சொன்னாள்.

தூள் பொங்கி எழுந்து மேலே பாலாடை மாதிரி கட்டியது. அக்பர் கரண்டியோடு எழுந்து வந்தார். முதல் கிண்ணத்தில் ஆடையை விலக்கினார். "அடடா." இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் குனிந்தார். மூன்றாவதில், "பூ மாதிரி ஒண்ணு வருதே, என்ன அது?" என்று கேட்டார்.

"ஆற ஆற இன்னும் தெரியும்," என்றார் ஹேமநாதன்.

நான்காவது கிண்ணத்தில் கரண்டி இறங்கியபோது லோஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உங்களுக்கு வரக்கூடாது, வரக்கூடாது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

அக்பர் குனிந்தார். உடனே தலையைப் பின்னால் இழுத்தார்.

"அலமாக்! என்ன இது? பச்சைக் கிழங்கைச் சீவிப் போட்ட மாதிரி இருக்கு?"

ஹேமநாதன் எட்டிக் குனிந்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. ஷாஸியா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து மோந்தாள்.

"ஆமாங்க. உருளைக்கிழங்குதான்." பிறகு லோஷினி பக்கம் திரும்பினாள். "அக்கா! நீங்க அன்னிக்கே சொன்னீங்களே! உங்க மூக்கு சரியாத்தான்…"

சொல்லிக்கொண்டு வந்தவள், லோஷினியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

ஹேமநாதன் ஒன்றையும் மறைக்கவில்லை. இந்தக் காப்பியில் இப்படி ஒரு குறை உண்டு, எந்தக் கோப்பையில் வரும் என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் அரைத்து மோந்துதான் போட வேண்டும் என்று அக்பரிடம் விளக்கினார். அக்பர் பொறுமையாகக் கேட்டார். மற்றக் கிண்ணங்களைக் கடைசி வரைக்கும் ருசித்தார். முதல் கிண்ணத்துக்கு இரண்டு தடவை திரும்பி வந்தார்.

"என்கிட்ட வேலைக்கு இருக்கிறவங்க நேபாளத்துல இருந்தும் பங்களாதேஷ்ல இருந்தும் வந்த பசங்க. நல்லா வேலை செய்வாங்க. ஆனா கூட்ட நேரத்துல ஒவ்வொரு கப்பையும் மோந்துக்கிட்டு நிக்கச் சொல்ல முடியாது. கெட்ட கப்பு ஒண்ணு போய்ட்டா அந்த ஆள் திரும்ப வரமாட்டான். என் கடைக்குக் கென்யா குடுங்க," என்றார். போகிறபோது வாசலிலிருந்து திரும்பி, "எனக்கு மட்டும் இதுல ஒரு பொட்டலம் தாங்க. வீட்டுல நானே மோந்துக்கிறேன்," என்று சிரித்தார்.

அவர் கார் நகர்ந்ததும் ஹேமநாதன் பின்பக்கம் வந்தார். லோஷினி சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"அரைக்கிறப்பவே உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுச்சு அண்ணே."

"அப்புறம் ஏன் வச்ச?"

"வேற யாராவது மோந்து சொல்லட்டும்னு இருந்துச்சு."

"சரி. நீ சொன்னதுதான் சரி. நான்தான் நம்பல. ஜெயிச்சிட்ட, போ." அவர் பெருமூச்சு விட்டார். "ஆனா இத நீ தனியா என்கிட்ட காட்டியிருக்கலாம்."

ஜெயிச்சிட்ட. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உள்ளே ஏதோ சரிந்தது. தன் வாதத்தை நிலைநாட்டத்தான் இவள் அப்படிச் செய்தாள் என்று அவர் நினைக்கிறார். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மற்றதையும் சொல்ல வேண்டும். "தப்புதான் அண்ணே," என்று மட்டும் சொன்னாள். அது மனதாரச் சொன்னதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, "மிச்சத்தை நம்ம கடையிலயே விப்போம். பொட்டலத்துல இதையும் எழுதிடு. ஒளிச்சு என்ன ஆகப் போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷாஸியா வந்து பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்தாள். லோஷினியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது வேற, இது வேற. காப்பியில குறை இருந்தா உங்களுக்கு இல்லைன்னு ஆயிடுமா? நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்."

லோஷினிக்கும் அது தெரியும். கொட்டையைப் பூச்சி குத்துவதற்கும் தன் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் இத்தனை நாளாக அவள் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தாள். ஒரு முனை அறுந்ததும் மறுமுனையும் கையை விட்டுப் போனது போலிருந்தது.

மருந்துக்கடையில் இந்தத் தடவை இருமல் மிட்டாய் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குள் போனாள். குச்சியில் ஒரு கோடு வந்தது. இன்னொன்று வருமா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் பிடித்தாள். விளக்கைப் போட்டாள். வரவில்லை.

வெளியே வந்தபோது சுகுமாறன் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் கைப்பையைச் செருப்புக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள். மருந்துக்கடையின் பை அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதையும் அவளையும் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றித் தரையைப் பார்த்தான். அந்த உட்கார்வைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நினைச்சேன்."

இந்த வாரம் முழுக்க அவன் தண்ணீர்க் கேனை அவளைத் தூக்க விடவில்லை. துணி வாளியை மாடிக்கு அவனே கொண்டு போனான். நேற்றுச் சாமான் வாங்கப் போகும்போது வேகத் தடைகளில் காரை எறும்பு மாதிரி ஏற்றி இறக்கினான். அப்போது அவள் கவனிக்கவில்லை. தன் பரபரப்பிலேயே கிடந்தாள்.

"எப்படி?"

"அன்னிக்கு நீ ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து மோக்கச் சொன்னியே." அவன் தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கும் அடிச்சுச்சு லோஷி. கிழங்கு வாசனை. நல்லாவே அடிச்சுச்சு."

அவள் அவனையே பார்த்தாள்.

"அப்ப ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"நீ பார்த்த பார்வை அப்படி. இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்கன்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு. ஏன்னு எனக்குப் புரியல. சொல்லிட்டேன். அப்புறம் குளிக்கிறப்ப யோசிச்சேன். எங்க அண்ணி மாசமா இருந்தப்ப இப்படித்தான் எதையாவது மோந்துக்கிட்டே இருப்பாங்க. அப்பத்தான் புரிஞ்சுச்சு."

"புரிஞ்சதும் வந்து சொல்லியிருக்கலாம்ல? எனக்கும் அடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இத்தன நாளு நான் பைத்தியம் மாதிரி…" அவள் குரல் உயர்ந்து உடைந்தது. "இன்னிக்கு அண்ணன் கடைக்கு வந்த வியாபாரத்தையே நான் கெடுத்துட்டு வந்திருக்கேன், தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். தினம் சொல்லணும்னு வருவேன்." அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது. "நீ அடுப்படியில ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கிட்டிருந்த. எத்தனையோ நாளாச்சு நீ பாடி. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்னு விட்டுட்டேன். உனக்காக மட்டும்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் வேண்டியிருந்துச்சு."

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கூடத்தில் அங்குமிங்கும் நடந்தாள். ஜன்னலைத் திறந்தாள், சாத்தினாள். தான் பாடியது அவளுக்கு ஞாபகமே இல்லை. என்ன பாட்டு என்று கேட்க வேண்டும் போலவும் இருந்தது, இவன் முகத்திலேயே விழிக்கக் கூடாது போலவும் இருந்தது. அழுகை வந்தபோது அவன் எழுந்து வந்தான். அவள் முதலில் தள்ளிவிட்டாள். பிறகு தள்ளவில்லை.

அழுது ஓய்ந்ததும், "இந்த வீட்டுக்குள்ள என்னால இருக்க முடியாது. எங்கயாவது போலாம்," என்றாள்.

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற கோங் கோங் சாலையில், ஆற்றோரம் இருக்கிற மீன் சாப்பாட்டுக் கடை வரைக்கும் போனார்கள். சனிக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். பிள்ளைகள் மேசைகளுக்கு நடுவில் ஓடினார்கள். இங்கே ஏன் வந்தோம் என்று ஒரு நிமிஷம் இரண்டு பேருக்கும் தோன்றியது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதிலேயே அது தெரிந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. ஆற்றை ஒட்டி ஒரு மேசை காலியானது. அங்கே உட்கார்ந்தார்கள்.

மீனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்போது அவள் திடீரென்று பேச ஆரம்பித்தாள். அக்பரின் வாப்பா சொன்னதை, புளிச்ச தண்ணி என்றதை, சொல்லிச் சிரித்தாள். பொட்டலத்தில் எழுதப்போவதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாத்துக்குடித் தோல், அசாம்பொய், கூலா மெலாக்கா, வெறுந்தேத்தண்ணி. "அப்புறம் கடைசியில, எங்கேயோ ஒரு கோப்பையில பச்சை உருளைக்கிழங்கு அடிக்கும், அடிச்சா கொட்டிட்டு வேற அரைச்சுக்குங்க, உங்க மூக்குல ஒரு கோளாறும் இல்லைன்னு போடப் போறேன்."

"அப்படியே போடு," என்றான் அவன்.

"திங்கக்கிழமை அண்ணன்கிட்ட நிஜத்தைச் சொல்லணும். நான் ஜெயிக்கணும்னு செஞ்சதா நினைச்சுக்கிட்டிருக்கார்."

"சொல்லு. புரிஞ்சுக்குவார்."

அவள் மேசைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பேச்சு நின்றபோதும் அது நிற்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை கரண்டியைக் கீழே போட்டது. சுகுமாறன் குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"டாக்டரை மறுபடி பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரியல. இன்னிக்குக் கேக்காதீங்க."

"சரி."

"நாளைக்கும் கேக்காதீங்க. நானே சொல்றேன்."

மீன் வந்தது. வாழையிலையில் சுட்டு, மிளகாய்ச் சம்பல் பூசி, இன்னும் சுர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. லோஷினிக்கு அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவன் முள்ளை எடுக்கும்வரை காத்திருக்காமல் அவள் கையை வைத்தாள், சுட்டுக்கொண்டாள், விரலை ஊதிக்கொண்டே மறுபடி கையை வைத்தாள்.